ஹைட்ரஜன் காரா, பேட்டரி காரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி கார் நம் தெருக்களிலேயே நிற்கிறது. ஹைட்ரஜன் காரை நம்மில் பெரும்பாலானோர் செய்தியில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அதனால் அதைப் பற்றி எதிர்பார்ப்பும் அதிகம், வதந்தியும் அதிகம். “பேட்டரியெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான், அடுத்து ஹைட்ரஜன்தான்” என்று சொல்லி, கார் வாங்குவதையே தள்ளிப்போடுகிறவர்கள்கூட உண்டு. பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நடுநிலை வேஷம் போடப்போவதில்லை. காரைப் பொறுத்தவரை என் ஓட்டு பேட்டரிக்குத்தான். லாரி, ரயில் என்று போகும்போது கதை கொஞ்சம் மாறும்.

ஹைட்ரஜன் கார் என்பதும் மின்சாரக் கார்தானா?

ஆமாம். இரண்டிலும் சக்கரத்தைச் சுற்றுவது மின் மோட்டார்தான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். பேட்டரி கார் வெளியிலிருந்து மின்சாரத்தை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் கார் வாயுவைச் சுமந்துகொண்டு போய், ஓடும்போதே ஃபூயல் செல் என்ற கருவியில் அதிலிருந்து மின்சாரம் தயாரிக்கிறது.

ஹைட்ரஜன் காருக்குள்ளும் ஒரு பேட்டரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராயின் இரண்டாம் தலைமுறையில் அது 1.24 யூனிட் அளவு. ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே இழுவை தரவும், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைப் பிடித்து வைக்கவும் அது வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பெரிய பேட்டரி 45 யூனிட்.

ஃபூயல் செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

எரிவது எதுவும் இல்லை. நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் இரு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது, மறுபக்கம் காற்று. பிளாட்டினம் பட்டதும் ஹைட்ரஜன் அணு எலக்ட்ரானாகவும் புரோட்டானாகவும் பிரிகிறது. படலம் புரோட்டானை மட்டும் உள்ளே விடும். எலக்ட்ரானுக்கு அந்த வழி கிடையாது, ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். அப்படிச் சுற்றிப் போகும் வழியில்தான் மோட்டாரை வைத்திருக்கிறோம். கடைசியில் இரண்டும் ஆக்சிஜனுடன் சேர்ந்து தண்ணீர் ஆகின்றன.

ஒரு செல் வேலை செய்யும்போது கிடைப்பது 0.6, 0.7 வோல்ட்தான். டார்ச் லைட் செல்லில் பாதி. அதனால்தான் மிராயில் 330 செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள்.

புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். வில்லியம் குரோவ் பிரிட்டனில் இதன் மூல வடிவத்தைச் செய்து காட்டியது 1839இல். டீசல் இன்ஜின் பிறக்கவே அப்புறம் அரை நூற்றாண்டு ஆனது. 1965இல் ஜெமினி 5 விண்கலத்துக்கு மின்சாரம் தந்தது ஃபூயல் செல். அப்போலோவில் போனவர்கள் அதிலிருந்து வந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அப்படியானால் இது தண்ணீரில் ஓடும் காரா?

இல்லை. தண்ணீர் அதன் புகை, எரிபொருள் அல்ல. ஹைட்ரஜன் ஆக்சிஜனுடன் சேர்ந்து முடிந்த நிலைதான் தண்ணீர். அதைத் திரும்பப் பிரிக்க, சேரும்போது வெளிவந்ததைவிடக் கூடுதல் ஆற்றல் கொடுத்தே ஆக வேண்டும். 1 கிலோ ஹைட்ரஜனில் காருக்குப் பயன்படும் ஆற்றல் சுமார் 33 யூனிட். தண்ணீரிலிருந்து அந்த 1 கிலோவைப் பிரித்தெடுக்க இன்றைய கருவிகளுக்கு 50 யூனிட்டுக்கு மேல் தேவை.

பைக் பேட்டரியில் இணைத்தால் தண்ணீரைப் பிரித்து மைலேஜைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் கிட்டுகளும் இதே கணக்கில் அடிபட்டுப் போகும். அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது இன்ஜின், இன்ஜின் குடிப்பது பெட்ரோல். மூலிகைப் பெட்ரோலைப் பார்த்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒரே அளவு மின்சாரத்தில் எது அதிக தூரம் ஓடும்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றவற்றில் பாதி தானாக விளங்கிவிடும்.

ஒரு சூரிய மின் நிலையத்திலிருந்து 100 யூனிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பேட்டரி காருக்குக் கொடுத்தால், சார்ஜரில் கொஞ்சம், பேட்டரியில் கொஞ்சம், மோட்டாரில் கொஞ்சம் வீணாகும். இந்த இழப்பையெல்லாம் கழித்தபின்பும் டெஸ்லா மாடல் 3 போன்ற ஒரு செடான், பிளக்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 6 கிலோமீட்டர் போகும். ஆக, 100 யூனிட்டுக்கு 600 கிலோமீட்டர்.

அதே 100 யூனிட்டை ஹைட்ரஜனாக்குவோம். தண்ணீரைப் பிரிக்க கிலோவுக்கு 52 யூனிட், அதை அழுத்தவும் குளிர்விக்கவும் இன்னொரு 5 யூனிட் என்று வைத்தால், ஒரு கிலோவுக்கு 57 யூனிட். நம் 100 யூனிட்டுக்குக் கிடைப்பது 1.75 கிலோ ஹைட்ரஜன். மிராய் அதே மாதிரியான ஒரு செடான். அதன் 5.6 கிலோ டேங்குக்கு அமெரிக்க அரசு அளவுப்படி 647 கிலோமீட்டர், அதாவது கிலோவுக்கு 115. பெருக்கிப் பார்த்தால் 200 கிலோமீட்டர்.

600க்கு 200. மூன்றில் ஒரு பங்கு.

இது ஏதோ ஒரு கம்பெனியின் குறை இல்லை. மின்சாரத்தை ஹைட்ரஜனாக மாற்றி, காருக்குள் அதை மறுபடி மின்சாரமாக மாற்றுகிறோம். ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கி, உடனே அந்த டாலரைக் கொடுத்து ரூபாய் வாங்கினால் இரண்டு கவுன்டரிலும் கமிஷன் போகும் அல்லவா, அதே கதைதான். தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரும் ஃபூயல் செல்லும் இன்னும் மேம்படும். ஆனால் கவுன்டர் இரண்டு என்பது மாறாது.

பெட்ரோல் போட்ட மாதிரி 5 நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்கிறார்களே?

உண்மைதான், முதல் வண்டிக்கு. ஹைட்ரஜன் மிக லேசான வாயு. 5.6 கிலோவை 140 லிட்டர் டேங்கில் அடைக்க 700 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் நாம் பிடிக்கும் காற்று 110 பிஎஸ்ஐ. இது 10,000 பிஎஸ்ஐ. இவ்வளவு அழுத்தத்தில் வேகமாக நிரப்பினால் டேங்க் சூடாகிவிடும் என்பதால், வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் செலுத்துகிறார்கள். ஈரப்பதம் உள்ள நாளில் அந்த நாசில் காரோடு உறைந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. கலிபோர்னியாவில் மிராய் ஓட்டுபவர்கள் இதைப் பற்றிப் புலம்புவது வழக்கம். கார் நிரம்பி நிற்கும், நாசில் கழன்று வராது.

அடுத்தடுத்து வண்டிகள் வந்தால், பங்கில் உள்ள சேமிப்பு சிலிண்டரில் அழுத்தம் குறைந்துவிடும். கம்ப்ரசர் மறுபடி அதை ஏற்றும் வரை மூன்றாவது, நான்காவது கார் காத்திருக்க வேண்டியதுதான். கம்ப்ரசர் பழுதானால் அந்த பங்கே மூடல். ஊரில் இருப்பதே ஒரு பங்க் என்றால், அன்று கார் வீட்டிலேயே நிற்கும்.

பேட்டரி பக்கம் வருவோம். நம் நெடுஞ்சாலைகளில் உள்ள வேகச் சார்ஜரில் 80 சதவீதம் வரை ஏற்ற முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகிறது. சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2025 மார்ச்சில், 1 மெகாவாட் சார்ஜரில் 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கு ஏற்றும் காரை அறிமுகம் செய்தது. இங்கே அது வர நாளாகும். ஆனால் “5 நிமிடம்” ஹைட்ரஜனுக்கு மட்டும் சொந்தம் என்ற வாதம் அன்றோடு போயிற்று.

இந்தக் கேள்வியில் ஹைட்ரஜன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சொந்த வீட்டு வாசலில் பிளக் இருப்பவருக்குச் சார்ஜ் நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, தூங்கும்போது ஏறிவிடும். தெருவோரம் கார் நிறுத்துகிறவருக்கும், பார்க்கிங்கில் பாயின்ட் வைக்கச் சங்கம் சம்மதிக்காத பழைய அடுக்குமாடியில் இருப்பவருக்கும் பேட்டரி கார் இன்றும் தலைவலிதான்.

கிலோ என்ன விலை? ஓட்ட எவ்வளவு செலவாகும்?

கார்களுக்கு ஹைட்ரஜனைச் சில்லறையில் விற்று நீண்ட அனுபவம் உள்ள இடம் கலிபோர்னியா. அங்கே ஒரு காலத்தில் கிலோ 13 முதல் 16 டாலராக இருந்தது, 2023, 2024இல் 36 டாலர் வரை போனது. மிராய் டேங்கை நிரப்ப 200 டாலர். டொயோட்டா காரோடு 15,000 டாலர் மதிப்புள்ள எரிபொருள் அட்டையை இலவசமாகக் கொடுத்துத்தான் விற்றது. அந்த அட்டை தீர்ந்த நாளில்தான் பலருக்கு உண்மை விலை உறைத்தது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை மூடுவதாக அறிவித்தது.

பேருந்துக்கு ஒரு நல்ல உதாரணம் பிரான்சின் மான்பெலியே நகரம். 51 ஹைட்ரஜன் பேருந்து வாங்கத் திட்டமிட்டிருந்தார்கள். கணக்குப் போட்டால், கிலோமீட்டருக்கு ஹைட்ரஜனில் 95 யூரோ சென்ட், மின்சாரத்தில் 15 யூரோ சென்ட். 2022 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பேருந்து வாங்க மானியம் கிடைத்தது, ஆனால் தினமும் ஓட்டும் செலவை நகராட்சிதான் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு வேண்டுமா? யூனிட் 5 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 57 யூனிட்டுக்கு 285 ரூபாய். 115 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். எலக்ட்ரோலைசர், கம்ப்ரசர், டேங்கர் லாரி, பங்க், லாபம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. அதே 5 ரூபாய் மின்சாரத்தில் பேட்டரி காருக்கு 83 காசு.

ஹைட்ரஜன் வெடிக்காதா? டேங்க் மேல் உட்கார்ந்து போவது ஆபத்து இல்லையா?

முதலில், ஹைட்ரஜன் குண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது அணுக்கருவில் நடப்பது, இது வேதியியல்.

டேங்கைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். கார்பன் இழை சுற்றிய அந்த டேங்குகளைச் சுட்டும், நெருப்பில் வாட்டியும், உயரத்திலிருந்து போட்டும் சோதித்த பிறகுதான் அனுமதிக்கிறார்கள். தீயில் மாட்டினால் வெடிக்காமல், வாயுவை ஒரு பக்கமாக வெளியே விட்டுவிடும் வால்வு உண்டு. காற்றைவிட 14 மடங்கு லேசு என்பதால், திறந்த வெளியில் கசிந்தால் மேலே பறந்துவிடும்.

என் பயம் டேங்கில் இல்லை, கசிவில். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். பெட்ரோல் ஆவிக்கு அந்த வரம்பு ஒன்றரை முதல் ஏழரை சதவீதம்தான். பற்ற ஒரு சின்னப் பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சமையல் கேஸில் கலப்பதுபோல நாற்றத்துக்கு ஏதாவது கலக்கலாமே என்றால், அந்தக் கந்தகப் பொருள் ஃபூயல் செல்லின் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். எனவே சென்சாரை நம்பித்தான் இருக்க வேண்டும். அடித்தளப் பார்க்கிங் போன்ற மூடிய இடத்தில் கூடுதல் கவனம் தேவை.

2019 ஜூனில் நார்வேயின் ஆஸ்லோ அருகே சான்ட்விகாவில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. யாரும் சாகவில்லை. அதிர்வில் பக்கத்துச் சாலையில் போன காரின் ஏர்பேக் விரிந்து இருவருக்குக் காயம். காரணத்தைத் தேடிப் போனால், உயர் அழுத்த சேமிப்பு டேங்கில் ஒரு அடைப்பானைப் பொருத்தியபோது போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். தொழில்நுட்பம் தேர்வில் தேறினாலும், ஸ்பானர் பிடிக்கும் கை ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு நாளும் தேற வேண்டும்.

பேட்டரியும் புனிதமல்ல. லித்தியம் செல் ஒன்று கொதித்துப் பற்றினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும், அணைத்தது மறுபடி பற்றும், தீயணைப்பு வண்டிகள் பல மணி நேரம் தண்ணீர் அடிக்க வேண்டிவரும். இப்போது நம் கார்களில் அதிகம் வரும் இரும்பு பாஸ்பேட் வகை, பழைய நிக்கல் வகையைவிட இதில் கணிசமாகப் பரவாயில்லை.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் 95 சதவீதத்துக்கு மேல் இயற்கை எரிவாயு, நிலக்கரி போன்றவற்றிலிருந்துதான். எரிவாயுவிலிருந்து 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்.

இந்திய மின்சாரத்தில் இன்னும் நிலக்கரிதான் பெரும்பங்கு. யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இதை வைத்துக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் சுமார் 150 கிராம். பேட்டரி கார் 120 கிராமுக்குள். அதே நிலக்கரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்த ஹைட்ரஜன் என்றால் சுமார் 350 கிராம்! பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல். புகைக்குழாயில் தண்ணீர்தான் சொட்டும், புகை நெய்வேலியிலும் எண்ணூரிலும் போகும்.

ஆச்சரியம் என்னவென்றால், எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜன், அழுத்தும் செலவையும் சேர்த்து, ஏறக்குறைய 115 கிராமில் நிற்கிறது. இன்றைய இந்தியப் பேட்டரி காருக்குச் சமம். எரிவாயுக் குழாயில் கசியும் மீத்தேனைச் சேர்த்தால் இது கூடும். மேலும் மின்வாரியத்தில் காற்றாலையும் சூரிய ஒளியும் கூடக் கூட, ஏற்கெனவே ஓடும் பேட்டரி காரின் கணக்கு தானாகக் குறையும். எரிவாயு ஹைட்ரஜன் கணக்கு அப்படியே நிற்கும்.

நம் ஊர் வெயிலை எது தாங்கும்?

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, நமக்கு முக்கியமான விஷயம். பெட்ரோல் இன்ஜினின் வெப்பத்தில் பெரிய பங்கு சைலன்சர் வழியாகவே போய்விடும். ஃபூயல் செல்லில் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை, வெப்பம் முழுக்க ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அதுவும் அதன் படலம் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் 80 டிகிரிக்கு மேல் அதிகம் போக விடமாட்டார்கள். வேலூரில் கத்திரி வெயில் 42 டிகிரி அடிக்கும்போது, ரேடியேட்டருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே வித்தியாசம் 40 டிகிரிகூட இல்லை. அதற்கு மிகப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். மிராயின் முன்பக்கம் அவ்வளவு பெரிய காற்றுத் திறப்புகளுடன் இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. பாரம் ஏற்றி மேடு ஏறும் லாரிக்கு இது இன்னும் கடினம்.

பேட்டரிக்கும் வெயில் ஆகாது, ஆயுள் குறையும். ஆனால் அது வெளிவிடும் வெப்பம் மிகக் குறைவு என்பதால், காரின் ஏசியைக் கொண்டே குளிர்வித்துவிடலாம். கடுங்குளிரில் நிலைமை தலைகீழ்: பேட்டரியின் தூரம் சுருங்கும், ஃபூயல் செல் அவ்வளவாகச் சுருங்காது. லே நகரில் என்டிபிசி நிறுவனம் ஹைட்ரஜன் பேருந்து ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

பேட்டரி எட்டு வருடத்தில் போய்விடும், ஃபூயல் செல் நிலைக்கும் என்கிறார்களே?

எட்டு வருடம் என்பது உத்தரவாதக் காலம், மரண தேதி அல்ல. பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்கு உத்தரவாதம் தருகின்றன. அதற்குப் பிறகும் கொள்ளளவு கொஞ்சம் குறைந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

காலாவதி தேதி அச்சிட்டு வருவது ஹைட்ரஜன் டேங்கில்தான். மிராயின் எரிபொருள் மூடியைத் திறந்தால், இந்தத் தேதிக்குப் பிறகு நிரப்பக்கூடாது என்று எழுதியிருக்கும், 15 வருடக் கணக்கு. ஃபூயல் செல்லும் அசுத்தக் காற்றாலும் அசுத்த ஹைட்ரஜனாலும் தேயும். 99.97 சதவீதச் சுத்தம் வேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

லாரிக்கும் பேருந்துக்குமாவது ஹைட்ரஜன்தானே சரி?

இங்கேதான் ஹைட்ரஜனுக்கு உண்மையான வாதம் இருக்கிறது. 40 டன் லாரி ஒரு கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 500 கிலோமீட்டர் போகக் கொஞ்சம் கையிருப்போடு 700 யூனிட் பேட்டரி வேண்டும். எடை 4 டன்னுக்கு மேல். ஹைட்ரஜனில் அதே தூரத்துக்கு 40 கிலோ வாயு. டேங்கின் மொத்த எடையில் வாயு 6 சதவீதம்தான் என்றாலும், எல்லாம் சேர்த்து 700 கிலோவுக்குள் முடிந்துவிடும், ஃபூயல் செல் எடை தனி. எடை மேடையில் ஒவ்வொரு டன்னும் வாடகை என்பது லாரி முதலாளிக்குத் தெரியும்.

ஆனால் லாரி என்றாலே சென்னையிலிருந்து டெல்லி போவது என்று நினைத்துக்கொள்கிறோம். துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு, குவாரியிலிருந்து கிரஷருக்கு, ஆலையிலிருந்து ரயில் முனையத்துக்கு என்று ஒரே தடத்தில் போய்வரும் லாரிகள் ஏராளம். சீனாவில் மின்சார லாரி வேகமாகப் பரவுவது இந்த மாதிரித் தடங்களில்தான், காலி பேட்டரியைக் கழற்றி மாற்றும் நிலையங்களும் அங்கே உண்டு. ஐரோப்பாவில் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஓய்விலேயே ஏற்றிவிடுவதற்கென்று மெகாவாட் சார்ஜர் தரத்தை வகுத்திருக்கிறார்கள். நம் ஊரில் தாபா நேரத்தைக் கணக்கெடுத்தால் 45 நிமிடத்துக்கு மேல்தான் வரும்.

சந்தை சொல்வதும் அதுதான். ஹைட்ரஜன் லாரிக்காக ஏகப்பட்ட பணம் திரட்டிய அமெரிக்காவின் நிகோலா 2025 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டெல்லான்டிஸ் தன் ஹைட்ரஜன் வேன் திட்டத்தையே நிறுத்தியது.

நகரப் பேருந்துக்கு இந்த விவாதமே தேவையில்லை என்பது என் கருத்து. தினமும் ஓடும் தூரம் தெரியும், இரவில் டெப்போவில்தான் நிற்கும். சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின, எல்லாம் பேட்டரிதான்.

சென்னை ஐசிஎஃப் ஹைட்ரஜன் ரயில் செய்ததே, அது?

ஆமாம், பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் செய்தது. இழுவைப் பெட்டியை 2025 ஜூலையில் அங்கே சோதித்தார்கள். ஓடுவதற்கென்று தேர்ந்தெடுத்த தடம் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட், 89 கிலோமீட்டர். இரு முனையிலும் இழுவைப் பெட்டி, நடுவில் 8 பயணிகள் பெட்டி. இவ்வளவு நீளமான ஹைட்ரஜன் ரயிலைச் செய்து முடித்தது பெரிய விஷயம்தான், அந்தப் பெருமையில் ஐசிஎஃப் தொழிலாளர்களுக்குப் பங்கு உண்டு.

அது பரவுமா என்பது வேறு கேள்வி. மேலே ஒயர் இருக்கும் தடத்தில் ஹைட்ரஜனுக்கு வேலை இல்லை, இந்திய அகலப்பாதையோ ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. மிஞ்சுவது ஒயர் போட முடியாத, போட்டால் அழகு கெடும் மலைப்பாதைகள். ரயில்வேயின் பாரம்பரியத் தடத் திட்டத்தில் நீலகிரி மலை ரயிலின் பேரும் அடிபட்டது. ஜெர்மனியில் 2018இலேயே ஹைட்ரஜன் ரயிலை ஓட விட்ட லோயர் சாக்சனி மாநிலம், அடுத்த கட்டத்துக்குப் பேட்டரி ரயிலையே வாங்கப்போவதாக 2023இல் சொல்லிவிட்டது.

இவ்வளவு இருந்தும் டொயோட்டா ஏன் விடாமல் பிடித்திருக்கிறது?

டொயோட்டா முட்டாள் கம்பெனி அல்ல. ஜப்பானில் எண்ணெய் இல்லை, எரிவாயு இல்லை, சூரிய மின்சாரம் பரப்பி வைக்க நிலமும் குறைவு. ஆற்றலைக் கப்பலில் இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நாட்டுக்கு, கப்பலில் ஏற்றக்கூடிய ஹைட்ரஜன் மீது ஆசை வருவது இயல்பு. 2017இலேயே ஹைட்ரஜனுக்கென்று தேசியக் கொள்கை வகுத்தார்கள். 2015 ஜனவரியில் தன் 5,680 ஃபூயல் செல் காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று டொயோட்டா திறந்துவிட்டது. மற்ற கம்பெனிகளும் வந்தால்தான் ஹைட்ரஜன் நிரப்பும் பங்க்குகள் பெருகும் என்று அதற்குத் தெரியும். வந்தவர்கள் சிலர்தான். பங்க்குகளும் பெருகவில்லை.

இந்தியாவில் ஹைட்ரஜன் கார் வாங்க முடியுமா?

ஷோரூமில் போய் வாங்க முடியாது. 2022 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கிய மிராய், சோதனைத் திட்டத்துக்காகக் கொண்டுவந்தது. காற்றாலை, சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுப்பதுதான் பசுமை ஹைட்ரஜன். தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் கீழ் 2025 மார்ச்சில் அனுமதிக்கப்பட்ட சோதனை ஓட்டத்தில் 37 வண்டிகள், 9 ஹைட்ரஜன் பங்க்குகள். வண்டிகள் எல்லாமே பேருந்தும் லாரியும். தடங்களில் திருவனந்தபுரம்–கொச்சி இருக்கிறது, தமிழ்நாட்டுத் தடம் இல்லை. ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று பழைய காரை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, நிரப்பிக்கொள்ளும் இடம் வருவதற்குள் அந்தக் கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

ஃபூயல் செல் வேண்டாம், ஹைட்ரஜனை இன்ஜினிலேயே எரித்தால்?

எரிக்கலாம். அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் செய்த அப்படியான லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் காட்டினார்கள். மேலே சொன்ன 37இல் 22 வண்டிகள் இந்த வகைதான். பழைய இன்ஜின் தொழிற்சாலையும் மெக்கானிக்கும் அப்படியே பயன்படுவார்கள், அவ்வளவு சுத்தமான வாயுவும் வேண்டாம், பிளாட்டினமும் வேண்டாம். ஆனால் திறன் ஃபூயல் செல்லைவிடக் குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு புகையும் கொஞ்சம் வரும். மூன்றில் ஒரு பங்கு என்று நாம் பார்த்த கணக்கு இதில் இன்னும் சுருங்கும்.

அப்புறம் எதற்காக ஆயிரக்கணக்கான கோடி போட்டுப் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள்? தூத்துக்குடியில்கூட வருகிறதே?

காருக்காக அல்ல. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். கச்சா எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஹைட்ரஜன் வேண்டும். இந்தியா ஏற்கெனவே ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் இதற்கெல்லாம் பயன்படுத்துகிறது, எரிவாயுவிலிருந்து எடுத்து. அங்கே ஹைட்ரஜனுக்கு மாற்று கிடையாது, மூலப்பொருளே அதுதான். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கண் முதலில் இருப்பதும் அங்கேதான்.

தூத்துக்குடியில் காற்றும் வெயிலும் உண்டு, ஆழமான துறைமுகம் உண்டு, உரத் தொழிற்சாலை உண்டு. சிங்கப்பூரின் செம்ப்கார்ப் அங்கே பசுமை அம்மோனியா தயாரித்து ஜப்பானுக்கு அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. வ.உ.சி. துறைமுகத்திலும் ஒரு சிறிய பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலையை 2025 செப்டம்பரில் திறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு அதே ஊரில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையும் திறந்தது. அங்கே தயாராவது பேட்டரி கார்.